மேற்பார்வையாளரே மாணவி, வேலையிடமே ஆய்வுக்களம்: பகுதிநேர முதுகலைப் படிப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் உள்ள இயந்திரப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் ஷிப்ட் மேற்பார்வையாளராக முழுநேர வேலை பார்த்துக்கொண்டே, வேலையிடத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தை ஆராயும் நிறுவன உளவியலில் பகுதிநேர முதுகலைப் பட்டம் பெற்ற ஒரு தமிழ்ப் பெண்ணைப் பற்றியது இந்த நிகழ்வு ஆய்வு. அவரை இங்கே மாணவி என்றே குறிப்பிடுகிறேன். அவருடைய சம்மதத்துடன் எழுதப்படும் இந்தப் பதிவில், அவரையோ அவருடைய நிறுவனத்தையோ பல்கலைக்கழகத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. வேலையில் இருந்தபடி படிப்பவர்களின் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டும் பணியில் இருப்பதால் இவரைப் போன்ற பலரைச் சந்திக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் முதல் சந்திப்பில் நேரத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள்; இவரும் அப்படித்தான் வந்தார். ஆனால் நேரச் சிக்கலை அவர் ஓரளவு சமாளித்துவிட்டார். தமக்குக் கீழ் வேலை செய்பவர்களையே ஆராயப் புறப்பட்டபோது, எல்லாக் கதவுகளையும் திறக்கும் என்று அவர் நம்பிய பதவியே முக்கியமான ஒரு கதவை அடைத்துவிட்டது. அந்தக் கட்டத்தைத்தான் இந்தப் பதிவு விரிவாக ஆராய்கிறது.

பின்னணி

படிப்பில் சேர்ந்தபோது மாணவிக்கு வயது முப்பதுகளின் பிற்பகுதி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பட்டயம் பெற்று, வேலையில் சேர்ந்த பிறகு மாலை வகுப்புகள் மூலம் இளங்கலைப் பட்டத்தை முடித்தவர். உளவியலில் முன்படிப்பு ஏதும் இல்லை. பணி அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் பாடத்திட்டம் என்பதால் இடம் கிடைத்தது. கட்டணத்தைச் சேமிப்பிலிருந்து கட்டினார். 2024 மே மாதத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு வழங்கப்பட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகைக்கு, அதாவது பயிற்சிக்கான அரசு உதவிக்கு, அவருடைய வயது எட்டவில்லை. எட்டியிருந்தாலும் அது தேர்ந்தெடுக்கப்பட்ட பயிற்சிகளுக்கு மட்டுமே உரியது.

அவர் இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு தெளிவான காரணம் இருந்தது. அவருடைய வேலையிடத்தில் ஷிப்ட் மாறும் வேளையில், யாருக்கும் காயம் ஏற்படாமல் மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் நடந்திருந்தன. பிரித்துப் போட்ட குழாய் இணைப்பு ஒன்று முழுமையாக மூடப்படாத நிலையில், அடுத்த ஷிப்ட்டைச் சேர்ந்தவர் பம்பை இயக்கப் போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் விசாரணை அறிக்கை ‘கவனக்குறைவு’ என்று முடிந்தது. சம்பந்தப்பட்டவர் மறுபயிற்சிக்கு அனுப்பப்பட்டார். அதோடு கோப்பு மூடப்பட்டது. வெவ்வேறு ஆட்கள் ஒரே நேரத்தில், ஒரே விதமாகக் கவனம் இழப்பது எப்படி என்ற கேள்விக்கு அவருக்கு விடை வேண்டியிருந்தது. வடகடலில் 1988 ஜூலை 6ஆம் தேதி 167 பேரைப் பலிகொண்ட பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை விபத்தைப் பற்றிப் பாதுகாப்புப் பயிற்சியில் அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். அங்கும் பராமரிப்புக்காகப் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த பம்பைப் பற்றிய தகவல் இரவு ஷிப்ட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பயிற்சியில் சொல்லப்பட்ட பாடம் ‘எப்போதும் விழிப்பாக இருங்கள்’ என்பது மட்டுமே என்று அவர் சற்றுக் கசப்புடன் குறிப்பிட்டார்.

நேரமும் அதற்கு வந்த விலையும்

ஷிப்ட் காலை 8 மணிக்குத் தொடங்கி இரவு 8 மணிக்கு முடியும், அல்லது இரவு தொடங்கிக் காலையில் முடியும். மூன்று வாரச் சராசரி 44 மணி நேரத்தைத் தாண்டாதவரை, ஷிப்ட் ஊழியர்கள் ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை செய்யச் சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டம் இடமளிப்பதால், ஓய்வு நாள்கள் வாரத்துக்கு வாரம் இடம் மாறும். பல்கலைக்கழக வகுப்போ மாறாத கிழமைகளில், மாலை 7 மணிக்கு. எனவே அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் வகுத்த வழிகாட்டி நெறிமுறைகளின்படி நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு முறையாக விண்ணப்பித்தார். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள இந்த நெறிமுறைகள், விண்ணப்பத்துக்கு முதலாளி இரண்டு மாதங்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும் என்கின்றன. சம்மதித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

நிறுவனம் சம்மதித்தது. வகுப்பு நாள்களில் இன்னொரு மேற்பார்வையாளருடன் நேரத்தை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தது. கூடவே, அனுமதிக் கடிதத்தின் கடைசி வரியில், ஆய்வேடு நிறுவனத்துக்குப் பயன்படும் பொருளில் அமையும் என்று எதிர்பார்ப்பதாகக் குறிப்பிட்டிருந்தது. அந்த வரியை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. மாணவி அதை ஊக்கமாகவே எடுத்துக்கொண்டார். பிற்பாடு எழுந்த இழுபறிகளில் பாதிக்கு அந்த ஒற்றை வரிதான் மூலம் என்பது என் கணிப்பு. ஒரு சலுகையைக் கொடுத்தவர் அதற்கு ஈடாக ஆய்வின் முடிவுகளைத் தமக்குரியதாகக் கருதத் தொடங்குவது இயல்பு. அதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வரையறுக்காவிட்டால், பிறகு எந்த மறுப்பும் நன்றி கெட்டதனமாகத் தெரியும்.

முதல் பருவத்தின் பாடங்களை அவர் பெரும்பாலும் துவாஸ் லிங்க் நிலையத்திலிருந்து புறப்படும் எம்ஆர்டி ரயிலில் படித்தார். முதல் நிலையம் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல் படித்த வாரங்களில் புள்ளியியல் பாடம் தலையில் ஏறவில்லை. ஒரு பாடத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்தார். மகள் தொடக்கநிலை ஐந்தில் இருந்தாள். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான், பகுதிநேர மாணவர் எவரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்.

எதிர்பாராதது வேறொன்று. வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான முரண்பாட்டைக் கிரீன்ஹவுஸ், பியூட்டல் என்ற ஆய்வாளர்கள் 1985இல் மூன்று வகையாகப் பிரித்தார்கள்: நேரத்தால் வருவது, மன அழுத்தத்தால் வருவது, ஒரு பொறுப்புக்குப் பழகிய நடத்தை இன்னொரு பொறுப்புக்குப் பொருந்தாமல் வருவது. மூன்றாவது வகை, படிப்புக்கும் வேலைக்கும் இடையிலேயே இவருக்கு நேர்ந்தது. வகுப்பறையில் எதையும் ‘ஏன்’ என்று கேட்கப் பழகியவர், வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான காலை டூல்பாக்ஸ் கூட்டத்திலும் அதையே செய்யத் தொடங்கினார். போல்ட்டுகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில் இறுக்கிய ஊழியரிடம், உண்மையான ஆர்வத்தோடு, ‘ஏன் இந்த வரிசையில் செஞ்சீங்க?’ என்று கேட்டிருக்கிறார். இவரைவிட மூத்தவரான அந்த ஊழியர், ‘தப்பாயிடுச்சா மேடம்? இனிமே மாத்திக்கிறேன்’ என்றார். மேலதிகாரி வாயிலிருந்து வரும் ‘ஏன்’ விசாரணையாகத்தான் கேட்கும். ஆய்வு தொடங்கும் முன்பே, அது எங்கே இடறும் என்பதை இந்தச் சிறு உரையாடல் காட்டிவிட்டது; அப்போது அவருக்கு அது வெறும் சங்கடமாகவே தோன்றியது.

படித்தவற்றில் எது பற்றிக்கொண்டது

உந்துதல், தலைமைத்துவம் போன்ற பாடங்களை அவர் கடமைக்குப் படித்தார். வேலை அமைந்திருக்கும் விதமே ஊழியரின் உந்துதலைப் பாதிக்கிறது என்ற ஹேக்மன், ஓல்டம் இருவரின் 1976ஆம் ஆண்டுக் கோட்பாடும், வேலைச்சுமை அதிகமாகவும் அதைக் கையாளும் சுதந்திரம் குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் அழுத்தம் மிகும் என்ற காராசெக்கின் 1979ஆம் ஆண்டு வாதமும் பயன்பட்டன. ஆனால் அவரை உலுக்கியது, எரிக் டிரிஸ்ட்டும் கென் பாம்ஃபோர்த்தும் 1951இல் வெளியிட்ட பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்க ஆய்வு.

இயந்திரங்கள் வருமுன், சுரங்கத்தில் சிறு குழுக்கள் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாங்களே செய்தன. நீளமான நிலக்கரிச் சுவரை இயந்திரத்தால் வெட்டும் நீண்ட சுவர் முறை வந்ததும் அந்த வேலை மூன்று ஷிப்ட்டுகளாகத் துண்டாடப்பட்டது: ஒரு ஷிப்ட் நிலக்கரியை வெட்டித் தளர்த்தும், ஒன்று கடத்துபட்டையை நகர்த்தும், ஒன்று அள்ளும். முந்தைய ஷிப்ட் விட்டுச்சென்ற குறை அடுத்த ஷிப்ட்டின் தலையில் விழுந்தது. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்துப் பேசாதவர்கள் ஒருவர் மீது ஒருவர் பழி போட்டார்கள். வேலைக்கு வராமல் இருப்பது கூடியது. குறை தனிமனிதர்களின் குணத்தில் இல்லாமல், தொழில்நுட்பமும் மனித உறவுகளும் பிணைக்கப்பட்ட விதத்தில் இருந்தது என்று டிரிஸ்ட்டும் பாம்ஃபோர்த்தும் காட்டினார்கள். துவாஸில் ‘கவனக்குறைவு’ என்று எழுதப்பட்ட அறிக்கைகளுக்கு இதைவிட நேரடியான மறுப்பு தமக்குக் கிடைத்திருக்க முடியாது என்றார் மாணவி.

பாம்ஃபோர்த் பல ஆண்டுகள் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர் என்ற செய்தி அவரை இன்னும் உற்சாகப்படுத்தியது. உள்ளே இருப்பவர் ஆராய்ந்தால் ஆழம் கூடும் என்பதற்கு அதைச் சான்றாக எடுத்துக்கொண்டார். அதில் உண்மை உண்டு. ஆனால் பாம்ஃபோர்த் தம் பழைய சகத் தொழிலாளர்களிடம் பேசினார்; அவர்களுடைய வருடாந்தர மதிப்பீட்டை எழுதும் இடத்தில் அவர் இல்லை.

ஒரு கூடுதல் குறிப்பு: இரண்டாம் பருவத்தில் இந்தத் துறை மாணவர்களிடம் ஒரு காய்ச்சல் வரும். சந்திக்கும் எல்லாரையும் ஏதாவது ஒரு கோட்பாட்டுக்குள் அடைத்துப் பார்ப்பார்கள். குடும்ப விருந்தில் மாமனாரின் தலைமைத்துவப் பாணியை எடைபோடுவார்கள். இவருக்கும் வந்து, தானே தணிந்தது.

முதல் ஆய்வுத் திட்டமும் அதன் மறுப்பும்

தமது ஷிப்ட்டைச் சேர்ந்த ஊழியர்களிடையே, உளவியல் பாதுகாப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைக் கேள்விப் படிவம் மூலம் அளப்பது அவருடைய முதல் திட்டம். தவற்றை ஒப்புக்கொண்டாலும், கேள்வி கேட்டாலும் தமக்குக் கேடு வராது என்று ஒரு குழுவினர் பொதுவாக நம்பும் நிலையே உளவியல் பாதுகாப்பு. ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999இல் வெளியிட்ட ஆய்வில் அதை அளக்க ஏழு வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. அதற்கு முன் 1996இல் அவர் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வில், நன்றாக ஒத்துழைக்கும் செவிலியர் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்கள் பிழையை மறைக்காமல் பேசியதே அதற்குக் காரணம் என்று அவர் விளக்கினார். இதைப் படித்தபோது மாணவிக்கு, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று அடுத்த ஷிப்ட்டுக்கு எழுதிவைக்கும் தமது ஷிப்ட்டின் ஒப்படைப்புப் பதிவேடு நினைவுக்கு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் ‘ஓகே’, ‘ஓகே’, ‘எல்லாம் ஓகே’. அதுவரை அதைத் தமது ஷிப்ட்டின் ஒழுங்குக்கு அடையாளமாக நினைத்திருந்தார்.

திட்டத்தை ஊழியர்களிடம் சொன்னபோது, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் உடனே, ‘நீங்க சொன்னா போதும்க்கா, எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் காட்டுங்க’ என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். மாணவி மகிழ்ந்துபோய், ஊழியர்கள் முழுமனதாகப் பங்கேற்க முன்வந்துள்ளனர் என்பதற்கு ஆதாரமாக இந்தச் சொற்களையே ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தில் எழுதினார்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. குழு அந்தச் சொற்களை நேர்எதிராகப் படித்திருந்தது: என்ன ஆய்வு, எதற்காக என்று கேட்காமலே கையெழுத்திடத் தயாராக இருப்பவரின் சம்மதம், ஆய்வுக்கான சம்மதம் ஆகாது, அது மேலதிகாரிக்குக் கீழ்ப்படிதல். குழு எழுப்பிய கேள்விகள் எளிமையானவை. படிவத்தை யார் கொடுப்பார், யார் திரும்ப வாங்குவார்? மறுப்பவர் யார் என்பது உங்களுக்குத் தெரிய வருமா? இவர்களுடைய மதிப்பீட்டையும் மிகைநேரப் பட்டியலையும் எழுதுவது யார்? ஊழியர்களில் பலர் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள். அந்த அனுமதி முதலாளியோடு பிணைக்கப்பட்டது. அத்தகையவர் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கான வழி உங்கள் திட்டத்தில் எங்கே இருக்கிறது?

மாணவி முதலில் கோபப்பட்டார். தாம் யாரையும் வற்புறுத்துபவர் அல்லர் என்பது அவருடைய வாதம், அது உண்மையும்கூட. ஆனால் இங்கே பேசப்படுவது அவருடைய நல்ல குணம் அல்ல. மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்கு அடிப்படையாகக் கருதப்படும் 1979ஆம் ஆண்டு பெல்மாண்ட் அறிக்கை, அதிகாரத்தில் இருப்பவர் ஒன்றைச் செய்யும்படி தூண்டும்போதே முறையற்ற அழுத்தம் பெரும்பாலும் எழுகிறது என்கிறது. நிறுவன உளவியலின் வரலாறே இதற்கு ஒரு சான்று தருகிறது. அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த ஹாத்தோர்ன் ஆலையில், 1927இல் தொடங்கிய ரிலே சோதனை அறையில் ஐந்து பெண்கள் ரிலே என்ற மின்கருவியின் பாகங்களைப் பொருத்தினார்கள். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்று அவர்களில் இருவர் 1928 தொடக்கத்தில் மாற்றப்பட்டனர். கவனிப்பும் அக்கறையும் உற்பத்தியைக் கூட்டும் என்பதற்கு மேற்கோள் காட்டப்படும் அதே ஆய்வில்தான் இதுவும் நடந்தது. அறிமுகப் பாடங்களில் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இதை விட்டுவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று.

பெயர் இல்லாத படிவம் என்ற மாற்று யோசனையும் நிற்கவில்லை. ஒரு ஷிப்ட்டில் இருப்பவர்கள் சிலரே. வயது, சொந்த நாடு, பணி ஆண்டுகள் மூன்றையும் கேட்டால், பெயரைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

மாற்றிய திட்டம்

இரண்டு மூன்று வழிகளைப் பரிசீலித்த பிறகு, தமக்குக் கீழ் உள்ளவர்களை ஆய்விலிருந்து முழுமையாக விலக்குவது என்று முடிவெடுத்தார். அதற்குப் பதிலாக இரண்டு ஆதாரங்களைப் பயன்படுத்தினார். ஒன்று, ஏற்கெனவே எழுதப்பட்ட ஆவணங்கள்: ஷிப்ட் ஒப்படைப்புப் பதிவேடுகளும், ஒவ்வொரு பராமரிப்பு வேலையையும் தொடங்கி முடித்த நேரத்தைக் குறிக்கும் பெர்மிட் பதிவுகளும். இன்னொன்று, தமக்குச் சமமான நிலையில் உள்ள, வேறு பிரிவுகளைச் சேர்ந்த மேற்பார்வையாளர்களுடன் வேலையிடத்துக்கு வெளியே நடத்திய நேர்காணல்கள். ஆவணங்களிலிருந்து பெயர்கள் நீக்கப்பட்ட பிறகே அவர் கைக்கு வந்தன.

இங்கேதான் அனுமதிக் கடிதத்தின் கடைசி வரி மீண்டும் தலைகாட்டியது. எந்த ஷிப்ட் பலவீனமானது என்று தனித்தனியாகத் தரும்படி செயல்பாட்டு மேலாளர் கேட்டார். மாணவி மறுத்தார், மேலாளர் நீக்குப்போக்கான ஏற்பாட்டை நினைவூட்டினார். பல்கலைக்கழகத்தின் தலையீட்டுக்குப் பின் ஒரு பக்க ஒப்பந்தம் கையெழுத்தானது: முடிவுகள் எல்லா ஷிப்ட்டுகளுக்கும் சேர்த்தே தரப்படும், மூலத் தரவு நிறுவனத்துக்கு வராது, ஆய்வில் காணப்பட்ட எதுவும் எவருடைய ஒழுங்கு நடவடிக்கைக்கும் பயன்படாது. இந்த ஒரு பக்கம் முதல் பருவத்திலேயே எழுதப்பட்டிருந்தால் பல வாரங்கள் மிச்சமாகியிருக்கும்.

கண்டறிந்தது

பதிவேட்டையும் பெர்மிட் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது விடை வெளிப்பட்டது. ஒரு பக்கத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஒப்படைப்புப் பதிவேட்டில் இரவு 7.40க்கு, ‘பம்ப் வேலை முடிந்தது, ஓகே’ என்று எழுதிக் கையெழுத்திடப்பட்டிருக்கிறது. அதே பம்புக்கான பெர்மிட் மூடப்பட்ட நேரம் 7.56. அதாவது, வேலை முடியும் முன்பே முடிந்ததாகப் பதிவு எழுதப்பட்டுவிட்டது. இது ஒரு நாள் நடந்த விதிவிலக்கு அன்று. எல்லா ஷிப்ட்டுகளிலும், வெவ்வேறு கையெழுத்துகளில், இதே வரிசை திரும்பத் திரும்ப வந்தது.

காரணத்தை நேர்காணல் ஒன்றில் சக மேற்பார்வையாளர் ஒருவர் போகிறபோக்கில் சொன்னார். ஊழியர்களைத் தங்கும் விடுதிக்கு அழைத்துச்செல்லும் பேருந்து 8.10க்குப் புறப்பட்டுவிடும். அடுத்த ஷிப்ட்டை ஏற்றிவரும் பேருந்து வந்து சேரும்போது 7.55 ஆகிவிடும். 8.10க்குள் கருவிகளை ஒப்படைத்து, கை கால் கழுவி, உடை மாற்றி, வாசலுக்கு நடக்க வேண்டும். பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது வெகுநேரம் கழித்துத்தான். விடுதியில் சாப்பாட்டு நேரம் போய்விடும். எனவே பதிவேட்டை முன்கூட்டியே எழுதிவிடுவது அங்கே எல்லாரும் அறிந்த, எவரும் பேசாத நடைமுறை. இரண்டு ஷிப்ட்டுகளும் நேருக்கு நேர் நின்று பேசுவதற்கு நேரம் என்ற ஒன்று அந்த அமைப்பிலேயே இல்லை. விசாரணை அறிக்கைகள் எவற்றிலும் பேருந்து என்ற சொல் வரவில்லை.

திட்டமிட்டபடி கேள்விப் படிவத்தைக் கொடுத்திருந்தால் இது வெளிவந்திருக்குமா என்பது சந்தேகமே. தவற்றைத் தயங்காமல் சொல்வேன் என்ற வாக்கியத்துக்கு ஊழியர்கள் மேற்பார்வையாளர் விரும்பும் பதிலை அளித்திருப்பார்கள். மனநிலையையும் விளைவையும் ஒரே படிவத்தில், ஒரே ஆளிடம் கேட்டு அளப்பதால் இல்லாத தொடர்பு இருப்பதாகத் தோன்றும் ஆபத்தைப் போட்சாகாஃப் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2003இல் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இரண்டு தனித்தனி ஆவணங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. முடியாது என்று தடுத்த ஆய்வு நெறிமுறைக் குழு, தன்னை அறியாமலே அவரை வலுவான ஆதாரத்தை நோக்கித் திருப்பியது.

ஆனாலும் இந்த ஆய்வில் ஒரு பெரிய குறை உண்டு. அதை நெறிமுறையின் பெயரால் மூடிவிடக் கூடாது. ஒவ்வொரு நாளும் அந்தக் குழாய்களைப் பிரித்து மாட்டும் ஊழியர்களின் குரல் இதில் இல்லை. பேருந்தைப் பற்றிச் சொன்னவர் மேற்பார்வையாளர்; பேருந்தைப் பிடிக்க ஓடுபவர் அல்லர். ‘ஓகே’ என்று எழுதும்போது அவர்கள் என்ன நினைத்தார்கள், ‘முடியவில்லை’ என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அஞ்சினார்கள் என்பதெல்லாம் ஆவணத்தில் இல்லை. தவிர, இது ஒரே வேலையிடம். வேறு பேருந்து நேரம் உள்ள இன்னொரு வேலையிடத்தோடு ஒப்பிடப்படவும் இல்லை. ஆய்வேட்டின் மதிப்பீட்டாளர்களும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். மதிப்பெண் அதனால் குறைந்தது.

பின்விளைவுகள்

பட்டம் பெற்றதும் மாணவி உளவியலாளர் ஆகிவிடவில்லை. அப்படி ஆக அவர் நினைக்கவும் இல்லை. இந்தத் துறையினருக்குப் பிரிட்டனில் வழங்கும் தொழில்சார் உளவியலாளர் என்பது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பட்டப்பெயர். முதுகலைப் பட்டத்துக்குப் பிறகும் மேற்பார்வையுடன் கூடிய நீண்ட பயிற்சி தேவை. இங்கே சேரும் மாணவர்கள் சிலர் இதை அறியாமலே விண்ணப்பிக்கிறார்கள். இவர் ஷிப்ட்டிலிருந்து வேலைத் திட்டமிடல் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அது பதவி உயர்வா, தொல்லையை ஓரங்கட்டும் ஏற்பாடா என்பதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

நிறுவனம் பேருந்து புறப்படும் நேரத்தை 8.25 ஆக்கியது, அதற்குப் பெரிய செலவு இல்லை. ஒப்படைப்புப் பதிவேட்டில் வெளியேறும் மேற்பார்வையாளரும் உள்ளே வரும் மேற்பார்வையாளரும் ஒரே நேரத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற விதியையும் கொண்டுவந்தது. ஆனால், கூடுதலாகக் கிடைத்த அந்தக் கால் மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்ற கேள்வி எழுந்தது. மேலாளர்கள் அதைப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் என்கிறார்கள்; மாணவி அதை வேலை நேரம் என்று தம் பரிந்துரையில் எழுதினார். சம்பளம் தரப்படாவிட்டால் அந்த நேரமும் சில மாதங்களில் உடை மாற்றும் நேரமாகிவிடும் என்பது அவருடைய வாதம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

ஊழியர்களிடமே கேட்டறியும் தொடர் ஆய்வு ஒன்றை, நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஆய்வாளர் ஒருவர் தங்கும் விடுதிக்கே சென்று, வேலை நேரத்துக்கு வெளியே நடத்த வேண்டும் என்றும் அவர் கேட்டிருக்கிறார். திட்டமிடல் பிரிவுக்கு வந்துவிட்டதால் மாணவியே நடத்தலாமே என்று மேலாளர் சொன்னதற்கு, அந்த ஊழியர்கள் தம்மை இன்னும் மேடம் என்றும் அக்கா என்றும்தான் கூப்பிடுகிறார்கள் என்று பதில் எழுதினார். சம்பளக் கேள்விக்கும் தொடர் ஆய்வுக்கும் நிறுவனம் இன்னும் முடிவு சொல்லவில்லை.